இரண்டாவது தாளை வாசிக்கும் முறை

மார்பில் கட்டி கண்டு, ஊசியால் சதைத்துண்டு எடுத்து அனுப்பினால் பெரும்பாலும் இரண்டு ரிப்போட் வரும். கட்டி புற்றுநோயா, எந்த வகை, எத்தனையாம் தரம் (கலங்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன) என்று முதலாவது தாள் சொல்லும். இரண்டாவது தாள் சில நாள், சிலவேளை சில கிழமை பிந்தும். அதில் முக்கியமாகக் கட்டியின் கலங்களில் தேடும் நான்கு புரதங்களுக்கு நான்கு வரிகள் இருக்கும்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹேர்-2, கே.ஐ.-67. எந்த மருந்து வேலை செய்யும், எது வீண், சத்திரசிகிச்சை முதலிலா கீமோ முதலிலா என்ற கேள்விகளுக்கு அந்த வரிகளில்தான் விடை இருக்கிறது. முதலாவது தாளைக் கண்டு கலங்கிப்போன வீட்டில் இரண்டாவதை நினைவு வைத்துப் போய் எடுக்க ஆளில்லாமல் போய்விடுகிறது. அது இல்லாமல் கிளினிக்குக்குப் போய், "மற்ற ரிப்போட்டும் வரட்டும், அடுத்த கிழமை வாங்க" என்று கேட்டுத் திரும்பினால் பொத்துவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ வருகிறவருக்கு ஒரு முழுநாள் போய்விடும்.

கிளினிக் கொப்பி யார் கையில் இருக்கிறதோ அவருக்காக இதை எழுதுகிறோம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தாய் பெரும்பாலும் மகளின் வளவில் இருப்பதால், அந்தக் கை அநேகமாக மகளுடையது.

அந்தப் புரதங்கள் எங்கே இருக்கின்றன

ஈ.ஆர். ஈஸ்ட்ரஜன் வாங்கி, பி.ஆர். புரஜெஸ்டரோன் வாங்கி. இரண்டும் ஓமோனைப் பிடிக்கும் புரதங்கள். மார்பகக் கலத்தின் கருவுக்குள் இருப்பவை. ஈஸ்ட்ரஜன் போய் ஈ.ஆரில் பொருந்தினால் கலத்துக்குப் பிரிந்து பெருகச் சொல்லிக் கட்டளை போகும். ஹேர்-2 கலத்தின் வெளிச் சவ்வில் நிற்கும் புரதம். சாதாரணக் கலத்திலும் அது கொஞ்சம் உண்டு. சில புற்றுநோய்களில் 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் அதன் பரம்பரையலகு பல பிரதிகளாகப் பெருகிவிடும். அப்போது சவ்வு முழுக்க ஹேர்-2 நிறைந்து, கலம் ஓயாமல் பிரியும். கே.ஐ.-67 பிரிந்துகொண்டிருக்கும் கலத்தில் மட்டும் தெரியும். ஓய்ந்திருக்கும் கலத்தில் தெரியாது.

இவற்றை அளப்பது இரத்தத்தில் இல்லை. சதைத்துண்டை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, ஒவ்வொரு புரதத்தையும் தேடிப்பிடிக்கும் பிறபொருளெதிரியை மேலே விட்டு, பிடித்த இடம் கபில நிறமாக மாறும்படி செய்வார்கள். பிறகு நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்த்து, நூற்றுக்கு எத்தனை கலம் நிறம் பிடித்திருக்கிறது, எவ்வளவு கடுமையாகப் பிடித்திருக்கிறது என்று மதிப்பிடுவார். இந்தச் சோதனைக்கு ஐ.எச்.சி. என்று பெயர்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தனியார் ஆய்வுகூடத்தில் சி.ஏ. 15-3 என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்து, "அளவு நோர்மல், பயமில்லை" என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் அதன் அளவு பெரும்பாலும் உயராது. ஈரல் நோய் போன்ற வேறு காரணங்களால் உயரவும் செய்யும். நோயைக் கண்டுபிடிக்கவோ வகை பிரிக்கவோ அது உதவாது. அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

1. மாதிரி சரியாகப் போகிறதா என்று பாருங்கள்

எண்கள் பிழைப்பதற்குப் பெரிய காரணம் நுணுக்குக்காட்டிக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனையில் தனித்தனிக் கலங்கள்தான் வரும். புற்றுநோய்க் கலம் இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். அது பால்குழாய்ச் சுவரைத் தாண்டிப் பரவியதா என்று தெரியாது, நான்கு வரிகளையும் நம்பி எழுதவும் அது போதாது. தேவைப்படுவது ட்ரூகட் என்று சொல்லும் தடித்த ஊசியால் எடுக்கும் சதைத்துண்டு. "ட்ரூகட் எடுப்பீர்களா டொக்டர்?" என்று கேட்பதில் பிழையில்லை. கட்டி முழுவதையும் வெட்டி எடுத்த பிறகு சோதிப்பதைவிட, முன்கூட்டியே ட்ரூகட்டில் சோதிப்பது நல்லது. சிறிய துண்டுக்குள், சதையைப் பதப்படுத்தும் போமலின் விரைவாக ஊறும், அதனால் புரதம் கெடாது. கீமோவை முதலில் தொடங்குவதானாலும் இந்த விடை முதலிலேயே கையில் இருக்கவேண்டும்.

எடுத்த துண்டு ஒரு மணித்தியாலத்துக்குள் 10 வீத நடுநிலைப் போமலினில் விழவேண்டும். துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு போமலின் வேண்டும். அதில் 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். 6க்குக் குறைந்தால் நடுப்பகுதி பதப்படாமல், உண்மையில் இருக்கும் ஈ.ஆர்.கூட இல்லை என்று வரலாம். 72ஐத் தாண்டினால் புரதம் இறுகிப்போய் நிறம் சரியாகப் பிடிக்காமல் போகலாம். சேலைனில் போட்டு அனுப்பினால் கலம் அழுகும்.

மாதிரிப் போத்தலை உறவினர் கையில் கொடுத்துத் தனியார் ஆய்வுகூடத்தில் சேர்க்கச் சொல்வதும் உண்டு. அப்படித் தந்தால் கவனிக்க வேண்டியவை: போத்தலில் பெயரும் கிளினிக் இலக்கமும் ஒட்டியிருக்க வேண்டும், எந்த மார்பு, இடதா வலதா என்று இருக்க வேண்டும், எடுத்த திகதியும் நேரமும் கடிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மூடியைத் திறக்க வேண்டாம், போமலின் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். ஐஸ்பெட்டிக்குள் உறையவைக்க வேண்டாம், ஓட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்கவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் கையில் கிடைத்த போத்தல் திங்கள் காலை வரை அலுமாரியில் கிடந்தால் 72 மணித்தியால எல்லைக்குக் கிட்ட வந்துவிடும். ஞாயிறு திறந்திருக்கும் இடமா என்று முதலே கேளுங்கள்.

2. இரண்டு தாளையும் ஒன்றாக வையுங்கள்

முதலாவது தாளிலிருந்து தேவைப்படுபவை: நோயின் வகை, தரம் (1, 2 அல்லது 3), மாதிரி இலக்கம். அந்த இலக்கம் மிக முக்கியம். சதைத்துண்டு பதித்த மெழுகுக் கட்டி ஆய்வுகூடத்தில் அந்த இலக்கத்தில்தான் பாதுகாக்கப்படும். பிறகு வேறு சோதனைக்கோ இரண்டாவது அபிப்பிராயத்துக்கோ புதிதாக ஊசி குத்தாமல் அந்தக் கட்டியைக் கேட்டு எடுக்கலாம். இரண்டாவது தாளில் அதே பெயர், அதே இலக்கம், அதே பக்கம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டையும் போனில் படம் பிடித்து வையுங்கள். மழைக்காலத்தில் நனைந்து மை கரைந்த தாளை எந்த டொக்டராலும் வாசிக்க முடியாது.

3. ஈ.ஆர்., பி.ஆர். வரிகள்

நிறம் பிடித்த கலம் நூற்றுக்கு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொசிட்டிவ். ஒன்றுக்குக் குறைந்தால் நெகட்டிவ். ஆனால் 'பொசிட்டிவ்' என்ற சொல்லோடு நிற்க வேண்டாம், எண்ணைக் கேளுங்கள். 90 வீதம் கடுமையான நிறம் என்பதும் 5 வீதம் மங்கல் நிறம் என்பதும் இரண்டுமே பொசிட்டிவ்தான். நடத்தையில் அவை வேறு வேறு நோய். ஈ.ஆர். 1 முதல் 10 வீதம் வரை இருந்தால் 'குறைந்த பொசிட்டிவ்' என்று தனியாக எழுதுவார்கள். அப்படிப்பட்ட கட்டி பல வேளைகளில் ஈ.ஆர். இல்லாத கட்டி போலவே நடக்கும். ஓமோன் குளிசை கொடுத்துப் பார்க்கலாம். அதை மட்டும் நம்பிக் கீமோவைத் தவிர்ப்பது ஆபத்து.

சில ஆய்வுகூடங்கள் வீதத்துக்குப் பதிலாக ஆல்ரெட் புள்ளி போடும். 'ஈ.ஆர். 5+3=8' என்றால் முதல் எண் எத்தனை கலம் என்பது (5 என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்), இரண்டாவது நிறத்தின் கடுமை (3தான் உச்சம்). கூட்டினால் அதிகபட்சம் 8. 3 அல்லது அதற்கு மேல் பொசிட்டிவ். எட்டுக்கு எட்டு என்பதைக் கண்டு 'நோய் உச்சத்தில் இருக்கிறது' என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அர்த்தம் நேர் எதிரானது: ஓமோன் மருந்துக்குக் கட்டி நன்றாகக் கேட்கும்.

4. ஹேர்-2: கூட்டல் அடையாளத்தில் ஏமாற வேண்டாம்

குழப்பம் கூடிய வரி இது. 0, 1+, 2+, 3+ என்று நான்கு படி.

0, 1+ இரண்டும் நெகட்டிவ். கூட்டல் அடையாளம் இருப்பதால் 1+ஐப் பொசிட்டிவ் என்று எடுத்துக்கொள்வது வழமையான தவறு.

3+ என்றால் பொசிட்டிவ். நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட கலங்களில் சவ்வைச் சுற்றி முழு வளையமாகக் கடும் நிறம்.

2+ என்றால் தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஃபிஷ் போன்ற சோதனையால் பரம்பரையலகையே எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லா ஆய்வுகூடத்திலும் அந்த வசதி இல்லை. மெழுகுக் கட்டியை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டிவரும், நாளும் பிடிக்கும். ஃபிஷ் தாளில் இரண்டு எண் இருக்கும். ஹேர்-2 பிரதிகளை 17ஆம் நிறமூர்த்தத்தின் எண்ணிக்கையால் பிரித்த விகிதம் 2.0 அல்லது மேல், கூடவே ஒரு கலத்துக்குச் சராசரிப் பிரதி 4.0 அல்லது மேல் என்றால் பொசிட்டிவ். இரண்டும் அதற்குக் கீழே என்றால் நெகட்டிவ். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நின்றால் நிபுணர் ஐ.எச்.சி. தாளையும் பக்கத்தில் வைத்து மறுபடி எண்ணுவார்.

2+ஐ வைத்துக்கொண்டு 'நெகட்டிவ்தானே' என்று விட்டுவிட்டால், ஹேர்-2ஐக் குறிவைக்கும் ட்ரஸ்டுஸுமாப் என்ற ஒரு வருட ஊசி மருந்தால் நன்மை பெறக்கூடிய ஒருவர் அதை இழக்கிறார். மறுபக்கமாகப் பொசிட்டிவ் என்று எடுத்தால், இதயத்தைப் பாதிக்கக்கூடிய அந்த மருந்தைப் பயனில்லாமல் எடுத்து இதயத்தைப் பணயம் வைக்கிறார். ஆகவே 2+ கண்டால் கிளினிக்கில் கேட்க வேண்டியது ஒன்றே: "ஃபிஷ்ஷுக்கு அனுப்பியாச்சா?"

0ஆ 1+ஆ என்பதையும் குறித்துவையுங்கள். 2022க்குப் பிறகு, பரவிய நோயில், 1+ அல்லது ஃபிஷ் நெகட்டிவான 2+ உள்ளவர்களுக்கும் ட்ரஸ்டுஸுமாப் டெரக்ஸ்டீகான் என்ற மருந்து பயன் தருவது தெரியவந்திருக்கிறது. விலை மிகக் கூடியது. ஆனாலும் எண் தாளில் இருக்கட்டும்.

5. கே.ஐ.-67

நான்கிலும் நம்பகம் குறைந்தது இதுதான். ஒரே கண்ணாடித் தகட்டை இருவர் பார்த்தால் ஒருவர் 15 என்பார், மற்றவர் 25 என்பார். 5 வீதம் வரை என்றால் மெதுவான கட்டி. 30 வீதமோ கூடவோ என்றால் வேகமான கட்டி. இடையில் வரும் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு மனம் உடைய வேண்டாம். தரம், கட்டியின் அளவு, கமக்கட்டு நிணநீர் முடிச்சு எல்லாம் சேர்த்துத்தான் அதற்குப் பொருள்.

6. வரிகளைச் சேர்த்தால் வரும் வகை

ஈ.ஆர்., பி.ஆர். நன்றாக உயர்ந்து, ஹேர்-2 நெகட்டிவ், கே.ஐ.-67 குறைவு: லூமினல் ஏ. அமைதியான வகை. ஓமோன் குளிசைதான் பிரதான மருந்து. பலருக்குக் கீமோவே தேவைப்படாது.

ஈ.ஆர். பொசிட்டிவ், ஆனால் பி.ஆர். குறைவு அல்லது கே.ஐ.-67 கூடுதல், அல்லது ஹேர்-2வும் பொசிட்டிவ்: லூமினல் பி. ஓமோன் குளிசையோடு பலருக்குக் கீமோவும் வரும். ஹேர்-2 பொசிட்டிவ் என்றால் அதற்கான ஊசியும் சேரும்.

ஈ.ஆர்., பி.ஆர். இல்லை, ஹேர்-2 பொசிட்டிவ்: ஹேர்-2 வகை. ஓமோன் குளிசை வீண். கீமோவும் ட்ரஸ்டுஸுமாப்பும்.

மூன்றுமே நெகட்டிவ்: ட்ரிப்பிள் நெகட்டிவ். 'எல்லாம் நெகட்டிவ், நல்ல செய்தி' என்று நினைத்துவிடுவார்கள். குறிவைக்கும் மருந்துக்கு இடம் குறைவு என்பதுதான் அதன் பொருள், கீமோவே முதுகெலும்பு. கீமோவுக்கு இது நன்றாகக் கரைவதும் உண்டு.

இந்தக் கடைசி இரண்டு வகையிலும் கட்டி 2 சென்றிமீற்றருக்கு மேல் இருந்தாலோ, கமக்கட்டு முடிச்சுக்கு நோய் போயிருந்தாலோ, கீமோவை முதலில் கொடுத்துப் பிறகு வெட்டுவதுதான் இப்போதைய வழக்கம். கட்டி கரைகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். வெட்டிய பிறகு மிச்சம் இருந்தால் அடுத்த மருந்தை அதற்கேற்ப மாற்றலாம். "முதலில் வெட்டி எறியுங்கள், மறுகா பார்ப்போம்" என்று வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுத்துவது விளங்கக்கூடியதுதான். ஆனால் இரண்டாவது தாள் வரும்வரை சில நாள் பொறுப்பதால் வரும் இழப்பைவிட, ஒழுங்கு மாறி வெட்டுவதால் வரும் இழப்பு பெரிது.

ட்ரிப்பிள் நெகட்டிவ் என்றால் குடும்ப வரலாற்றையும் கேட்பார்கள், மார்பக, சூலகப் புற்றுநோய் ஆபத்தைப் பரம்பரையாகக் கடத்தக்கூடிய பீ.ஆர்.சி.ஏ. பரம்பரையலகுச் சோதனை பற்றியும் கதைப்பார்கள். இங்கே ஒரு சறுக்கல் நடக்கிறது. எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக எண்ணப்படுவதால், 'குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா' என்றால் தாய், பெரியம்மா, அம்மம்மா என்றே சொல்லி முடிப்பார்கள். அந்தப் பரம்பரையலகு தகப்பன் வழியாகவும் வரும். மாமிமார், அப்பம்மா, தகப்பன் பக்கத்துச் சூலகப் புற்றுநோய், ஆண்களின் மார்பகப் புற்றுநோய் எல்லாவற்றையும் விசாரித்து எழுதிக்கொண்டு போங்கள்.

7. மருந்து தொடங்கிய பிறகு

ஈ.ஆர். பொசிட்டிவ் என்றால் ஓமோன் குளிசை: மாதவிடாய் நிற்காதவருக்கு வழமையாகத் தமொக்சிபென், நாளுக்கு 20 மில்லிகிராம், குறைந்தது 5 வருடம், சிலருக்கு 10. நின்றவருக்கு லெட்ரசோல் 2.5 அல்லது அனஸ்ட்ரசோல் 1 மில்லிகிராம். கீமோவால் மாதவிடாய் நின்றதை இயற்கையாக நின்றதாகக் கணக்கெடுக்க வேண்டாம். சூலகம் இன்னும் வேலைசெய்யும் பெண்ணுக்கு லெட்ரசோலை மட்டும் கொடுத்தால், அது சூலகத்தைத் தட்டி எழுப்பிவிடும். ஈஸ்ட்ரஜன் குறையாது, கருவும் தங்கலாம். அப்படிப்பட்டவருக்குச் சூலகத்தை அடக்கும் ஊசியும் சேர்த்துத்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

கீமோ நடக்கும்போது தமொக்சிபென் தொடங்குவதில்லை, முடிந்த பிறகுதான். உடம்பு சூடேறி வியர்ப்பது வழமை. காலொன்று மட்டும் வீங்கி நோவது, மூச்சு முட்டுவது, மாதவிடாய் நின்றவருக்குத் திரும்ப இரத்தம் படுவது ஆகியவை உடனே காட்ட வேண்டியவை. வியர்வைக்கோ மனச்சோர்வுக்கோ வேறு டொக்டர் மருந்து எழுதினால் தமொக்சிபென் எடுப்பதைச் சொல்லுங்கள்: பரோக்ஸெட்டின், புளுவோக்ஸெட்டின் இரண்டும் அது உடலில் வேலைசெய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். கருத்தடைக்கு ஓமோன் ஊசியோ குளிசையோ கூடாது. செம்பு லூப் பொருந்தும்.

நோன்பு காலத்தில் குளிசையை நிறுத்த வேண்டியதில்லை. நாளுக்கு ஒன்று என்பதால் நோன்பு திறந்த பிறகோ சஹர் நேரத்திலோ எடுக்கலாம். கந்தசஷ்டி விரதக்காரரும் இரவில் ஒன்றை விழுங்குவதால் விரதம் கெடாது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ட்ரஸ்டுஸுமாப் 21 நாளுக்கு ஒரு தடவை, ஒரு வருடம். முதல் தடவை கிலோவுக்கு 8, பிறகு 6 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதலில் 480, பிறகு 360. குறித்த நாளிலிருந்து ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் திரும்ப 8இலிருந்து தொடங்க வேண்டும். அதனால் வெள்ளத்துக்குப் பாதை மூடும் மார்கழி மாதத்தில் படுவான்கரைப் பக்கத்தவர்கள் ஊசி நாளை முன்கூட்டியே கிளினிக்கில் கதைத்துக்கொள்வது நல்லது. தொடங்க முன்னும், பிறகு 3 மாதத்துக்கு ஒரு தடவையும் எக்கோ எடுத்து இதயம் இரத்தம் தள்ளும் வலுவைப் பார்க்க வேண்டும். எக்கோத் தாளைக் கொண்டுபோகாவிட்டால் அன்றைய ஊசி கிடைக்காமலும் போகலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு காலும் வீங்குகிறது என்றால் அடுத்த எக்கோ வரை காத்திருக்க வேண்டாம்.

8. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால்

சில சேர்க்கைகள் கண்டவுடன் சந்தேகம் வரவேண்டும். தரம் 1 கட்டியில் ஈ.ஆர். நெகட்டிவ், தரம் 1 கட்டியில் ஹேர்-2 3+, லொபியூலர் (பால் சுரக்கும் சிறுசோணையின் பெயரால் வந்த) வகையில் ஈ.ஆர். நெகட்டிவ், ஈ.ஆர். இல்லாமல் பி.ஆர். மட்டும் பொசிட்டிவ். இவை நடக்கவே நடக்காதவை அல்ல, ஆனால் அரிது. மாதிரியில் கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல பால்குழாய்க் கலங்கள் ஈ.ஆருக்கு நிறம் பிடிக்க வேண்டும். அதுவே பிடிக்கவில்லை என்றால் பிழை சோதனையில். அப்போது அதே மெழுகுக் கட்டியிலோ, சத்திரசிகிச்சையில் எடுத்த கட்டியிலோ திரும்பச் செய்யலாம். "இதைத் திரும்பப் பார்க்கலாமா?" என்று கேட்டால் எந்த நிபுணரும் கோபிக்கத் தேவையில்லை.

வருடங்கள் கழித்து நோய் வேறிடத்தில் தோன்றினால், பழைய தாளை வைத்து மருந்து தொடங்காமல், எடுக்கக்கூடிய இடமென்றால் அங்கிருந்தும் துண்டு எடுத்து இந்த வரிகளைத் திரும்பப் பார்ப்பார்கள். முதலில் ஈ.ஆர். இருந்த நோய் இல்லாமல் திரும்பி வருவதுண்டு, ஹேர்-2வும் மாறுவதுண்டு. எலும்பிலிருந்து எடுத்த துண்டென்றால், அதைக் கடும் அமிலத்தில் மென்மையாக்கியிருந்தால் நிறமும் ஃபிஷ்ஷும் கெட்டுப்போயிருக்கும். அந்தத் தாளில் வரும் 'நெகட்டிவ்'வை அப்படியே நம்ப முடியாது. ஈரலிலோ நிணநீர் முடிச்சிலோ எட்டக்கூடிய இடமிருந்தால் அங்கிருந்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த நாளில் பழைய மெழுகுக் கட்டியின் இலக்கத்தையும் கொப்பிக்குள் கொண்டுபோங்கள்.